தாழ்ப்பாள் நீக்கும் பானுப்ரியா

பக்கத்து வீட்டுக் கேட்டின் கம்பிக்குள் கையை விட்டு, உள்தாழ்ப்பாளை நீக்கித் திறந்து, மறுபடி சாத்திவிட்டுத்தான் பானுப்ரியா பால் வாங்கப் போவாள். "அக்கா, என் கையே போவுது, திருடன் கை போவாதா?" என்று போகிறபோக்கில் ஒரு குரலும் கொடுப்பாள். திருத்தணியில் அவள் தெருவில் முக்கால்வாசிக் கேட்டுகளுக்கு இப்போது தகரம் அடித்தாகிவிட்டது.

சம்பளமும் இதற்குத்தான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக, மற்றவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் நிரலை வீட்டிலிருந்தே படித்து, எந்த ஓட்டை வழியாக எவன் நுழைவான் என்று சொல்ல வேண்டும். முதலில் ஸ்கேனர் மென்பொருளை ஓடவிடுவாள். அது போடும் கூச்சலில் பாதி வெத்து. "காத்தடிச்சாலும் நாய் மாதிரி கொலைச்சிகினு கெடக்கும். நாமதான் எழுந்து போய்ப் பாக்கணும்" என்பாள். ஓட்டை அகப்பட்டால் அவள் முகத்தில் வருகிற பூரிப்பு கல்யாணத்தன்றுகூட வரவில்லை. சொல்வது அவள் கணவன் கௌதமன்.

அத்தை மகன், ஆகவே பாவா. சின்ன வயதிலிருந்தே வா, போதான். பாவம், அதே கம்பெனியில் நிரல் எழுதுகிறான். போன வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்காக அவன் எழுதிய ஆப் ஒன்று அவளிடம் வந்தது. சாயந்திரத்துக்குள் தேறினால் டீம் லீடர் பதவி அவனுக்கு என்று பேச்சு.

கௌதமன் ஒரு தந்திரம் செய்திருந்தான். பாஸ்வேர்டு ஒன்றை நிரலுக்குள்ளேயே பட்டவர்த்தனமாக எழுதி வைத்தான். அதைப் பிடித்த குஷியில் மீதியை விட்டுவிடுவாள் என்று நப்பாசை. போதாததற்குச் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் காபி கலந்து ஆளுக்கொரு டம்ளர் வைத்தான்.

"பாவா, இந்தப் பாஸ்வேர்டு நீயே எனக்குப் போட்ட தீனி. வேற இன்னா வெச்சிகினு இருக்கே?"

"ஒண்ணுமில்ல. பாஸ் போட்டுடு, பானு."

அவள் ஆப்பில் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து, மேலே இணைய முகவரியில் இருந்த கடைசி எண்ணை மாற்றிப் பார்த்தாள். யார், எவர் என்று கேட்காமல் அடுத்தவர் ரிப்போர்ட் திறந்தது. "ஆங், மாட்டிச்சு" என்று சிரித்தாள். இன்னும் ஒன்றைத் தட்டினாள்.

கௌதமன், வயது முப்பத்தெட்டு. வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு.

சோதனைக்கு ஏதாவது போட வேண்டுமே என்று சோம்பேறித்தனமாகத் தன் நிஜ ரிப்போர்ட்டையே ஏற்றியிருந்தான். ஆடியில் எடுத்தது. அவளிடம் 'எல்லாம் நார்மல்' என்று சொல்லியிருந்தான். பானுவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது சும்மா... டெஸ்ட் டேட்டா" என்றான்.

அவள் பாஸ் போடாமல் நிரலைத் திருப்பி அனுப்பினாள். பிறகு அவன் பக்கம் இருந்த காபி டம்ளரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.