நான் சொல்ல மறுத்த ஆறு எண்கள்

அன்று கல்லூரி அலுவலக அறையில் நாங்கள் நான்கு பேர்: நான், முதலாண்டு படிக்கும் என் மகள், உதவித்தொகை பார்க்கும் எழுத்தர், தன் மகளுக்காகக் கையெழுத்துப் போட வந்து பெஞ்சில் காத்திருந்த ஆட்டோக்காரர்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடியும்வரை அரசு தரும் உதவித்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். என் மகள் ஏழு வருடமும் கரையான்சாவடி பக்கத்து அரசுப் பள்ளியில்தான். கூடப் படித்தவளுக்கு நான்கு மாதமாகப் பணம் வருகிறது, இவளுக்கு வரவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். படிவம், கையெழுத்து என்றாலே யாரோ ஏய்க்கிறார்கள் என்றுதான் தோன்றும். கல்லூரிக்காரர்கள் தின்றுவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு இவளே வாங்கி மறைக்கிறாளோ என்று, அவள் குளிக்கப் போன நேரத்தில் பையைத் துழாவினேன். பார்த்துவிட்டாள். மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள், "நீயே வந்து கேளு" என்று இழுத்து வந்தாள். நான் வேலை பார்க்கும் அம்பத்தூர் துணிக் கம்பெனியில் அரைநாள் சம்பளம் போயிற்று.

எழுத்தர் திரையைப் பார்த்தார், பிறகு என்னை.

"தகுதியெல்லாம் சரியா இருக்கும்மா. ஆதார் சரிபார்ப்புதான் நிக்குது. அன்னிக்குப் பொண்ணு பரீட்சை ஹால்ல. ஆதார்ல உங்க நம்பர்தான் இருக்கு, அதான் ஓடிபி, அந்த ஆறு நம்பர், உங்க போனுக்கு வந்துச்சு. நான்தான் கூப்பிட்டேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'எந்த ஊரு திருடன்டா நீ? போலீசுக்குப் போவேன்' என்று கத்தி, அந்த எண்ணையே பிளாக் செய்திருந்தேன். முந்தைய வாரம்தான் எங்கள் தெருவில் ஒருத்தி போனில் எண் சொல்லி எட்டாயிரம் இழந்திருந்தாள். பிள்ளை பயப்படுமே என்று அந்த அழைப்பைப் பற்றி நான் வீட்டில் சொல்லவுமில்லை.

"அப்புறம் லைனே கெடைக்கல, வேலையில விட்டுப்போச்சு. இப்ப மறுபடி அனுப்பறேன், சொல்லுங்க."

போன் அதிர்ந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"இத வச்சு இன்னா பண்ணுவீங்க?"

ஆட்டோக்காரர் சிரித்தார். "அக்கா, அவரு இன்னா உன் ஊட்டயா எழுதி வாங்கிக்கப் போறாரு? சீக்கிரம் சொல்லு, ஸ்டேண்டுல வண்டி நிக்குது."

"வாடகை ஊடுதான் நைனா. எழுதி வாங்குனா ஓனருக்குத்தான் நஷ்டம்."

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "என்னையும் நம்ப மாட்டே, இவரையும் நம்ப மாட்டே. அப்ப யாரத்தாம்மா நம்புவே?"

போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் எண்களைப் படித்தாள், அவர் தட்டினார். ஏற்றுக்கொண்டதாகத் திரையில் வந்ததை என் பக்கம் திருப்பியும் காட்டினார்.

"இந்த மாசத்துலருந்து வரும். போன நாலு மாசத்துக்கு மேலிடத்துக்கு எழுதறேன். வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது."

வெளியே வந்ததும், "பையைத் துழாவுனது தப்புதான்" என்றேன்.

"தெரிஞ்சா சரி" என்று முன்னால் நடந்தாள்.

மாதக் கடைசியில் ஆயிரம் வந்தது. வங்கிச் செய்தியை அவளாகவே என் முகத்துக்கு நேரே நீட்டினாள், நான் கேட்கவில்லை. பழைய நான்கு மாதத்துக்கான நாலாயிரம் ரூபாய் இன்னும் வரவேண்டியிருக்கிறது.