மணையில் உட்காரப் போட்ட மாத்திரை

என் கொழுந்தனார் மனைவிக்குக் கல்யாணமான மூன்றாவது மாதமே நாள் தள்ளிப்போனது. எனக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருஷம். எனக்கும்தான் நாள் தள்ளிப்போகும், நாற்பது நாள், ஐம்பது நாள் என்று. உள்ளே ஒன்றும் இருக்காது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே வீடு, ஒரே சமையலறை எங்களுக்கு. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாந்தி எடுக்க ஓடியதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், திகுதிகுவென்று எரிந்தது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவலூர்பேட்டைக்காரி, வாய் ஓயாது, ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். "அக்கா, அக்கா" என்று என் பின்னாலேயே சுற்றுவாள். உப்பு எங்கே என்றாலும் அக்கா, குழந்தை உதைக்கிறது என்றாலும் அக்கா. இழுத்து என் கையை அவள் வயிற்றில் வைப்பாள். அந்தக் கையை அப்புறம் என்ன செய்வதென்றே எனக்குத் தெரியாது.

திருவண்ணாமலை ரோட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முட்டை வளரும், பாதியில் நின்றுவிடும். அவர் ஒரு தாளில் மேலே தலையும் கீழே இரண்டு உருண்டைகளும் வரைந்து காட்டினார்.

"முட்டை வளர வளர கருமுட்டைப் பையில இருந்து ஒரு ஹார்மோன் சுரந்து மூளைக்குப் போகும். அது நல்லா ஏறி நின்னாதான் முட்டை ரெடின்னு மூளைக்குத் தெரியும். உடனே மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பி இன்னொரு ஹார்மோனைக் கொட்டும். அது வந்தாதான் முட்டை வெடிச்சு வெளிய வரும்."

"அப்ப கோளாறு எனக்கு மேலயா, கீழயா?"

"ரெண்டும் பேசிக்கறதுலதாம்மா கோளாறு."

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் ஓரகத்திக்கு மட்டும் மேலும் கீழும் மாதம் தவறாமல் பேசிக்கொள்கின்றனவாம். அவளுக்கு மூளை என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்னொரு தடவை, எரிந்து எரிந்து விழுகிறேனே, இதற்கும் ஹார்மோன்தான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். அந்த ஹார்மோன் ஏறி இறங்கும்போது மூளையில் மனசைச் சமமாக வைத்திருக்கும் ரசாயனமும் கூடவே ஆடும், சிலருக்கு நாள் வருவதற்கு முன்னால் எரிச்சலும் அழுகையும் வரும் என்றார். அப்பாடா, பழியைப் போட ஆள் கிடைத்தது! பொறாமை வந்த நாளையெல்லாம் காலண்டரில் புள்ளி வைத்துப் பார்த்தேன். மாதம் பூராவும் புள்ளி. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாள் மட்டும் காலி.

அவளுக்கு ஏழாவது மாதம் நடந்தபோது எனக்கு ஒரு நல்லது நடந்தது. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் ஒரு முட்டை பாதியில் நிற்காமல் முழுசாக வளர்ந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை. ஸ்கேனைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். "அஞ்சு நாள் கழிச்சு வாங்க. தினமும் காலையில யூரின்ல இந்த ஸ்ட்ரிப்பை நனைச்சுப் பாருங்க. ரெண்டாவது கோடு அழுத்தமா விழுந்தா மூளை பதில் குடுத்துடுச்சுன்னு அர்த்தம்." என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் டீயை ஆறவிட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்து நாளுக்குள்தான் அவளுடைய வளைகாப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் வளையல் அடுக்கி முடிந்து பிள்ளைத்தாச்சி மணையை விட்டு எழுந்ததும், பிள்ளை இல்லாதவளை அதே மணையில் உட்கார வைத்து, பிள்ளைத்தாச்சி கையாலேயே அவளுக்கு வளையல் போடச் சொல்வார்கள். அடுத்தது இவளுக்கு என்று.

"அவ எழுந்த சூட்டோட நீ உக்காரணும்," என்றார் என் மாமியார். "கூழ் ஊத்தறப்ப பண்ண மாதிரி பண்ணிடாத. மாத்திரை போட்டுக்கோ."

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று காலையில் சொல்லாமல் கொள்ளாமல் எனக்கு வந்துவிட்டது. நாள் பூராவும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கோயில், கல்யாணம் எதுவானாலும் பெண்கள் மாத்திரை போட்டுத்தான் நாளைத் தள்ளிவைப்பார்கள். மெடிக்கலில் 'தள்ளிப்போடற மாத்திரை' என்றால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கணக்குப்படி எனக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஆனால் என் உடம்பு என்றைக்குக் கணக்குப்படி நடந்தது? மணையில் உட்காராவிட்டால், "பொறாமைல உள்ள போய்ப் படுத்துக்கிச்சு பாரு" என்பார்கள். அது உண்மை என்பதால்தான் எனக்கு அத்தனை பயம். வேளைக்கு ஒன்றாக மூன்று வேளையும் போட்டேன். டாக்டரம்மாவிடம் கேட்கத் தோன்றவே இல்லை. தலைவலி மாத்திரை வேறு, வயிற்றுவலி மாத்திரை வேறு, அப்படித்தான் நினைத்தேன்.

தினமும் ஸ்ட்ரிப்பில் ஒரே கோடுதான். ஸ்ட்ரிப் மட்டம் என்று திட்டினேன்.

வளைகாப்பு அன்று உட்கார்ந்தேன். மணை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அவள் குனிய முடியாமல் குனிந்து எனக்குப் பச்சை வளையல் போட்டு, "அடுத்தது உனக்குத்தான்க்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது அவளுக்கு. நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் காலையில் ஸ்கேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். "முட்டை அப்படியே நிக்குது. நடுவுல வேற மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"முட்டை வெளிய வந்த பிறகு கருமுட்டைப் பை சுரக்கிற ஹார்மோன் மாதிரிதான்மா அந்த மாத்திரையும். அது ரத்தத்துல இருந்தா, முட்டை வந்தாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு மூளை நினைச்சுக்கும். அப்புறம் எங்க பதில் குடுக்கும்?"

"ஊசி போட்டு வெடிக்க வெக்க முடியாதா, மேடம்?"

"வெடிக்க வெக்கலாம். ஆனா கருப்பை உள்சுவரும் மாறிப்போச்சு. ஒட்டாது. இந்த மாசம் விட்டுடுங்க."

அடிப்பாவி! பிள்ளை வேண்டும் என்று மணையில் உட்கார ஆசைப்பட்டு, கையில் இருந்த முட்டையை நானே கெடுத்துக்கொண்டேன். கோட்டை பார்க்க வந்த கும்பலோடு ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அவள் தாய்வீடு போகத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா சொன்னாங்க?"

ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். வாய் நிற்கவில்லை. "உன் மணைல உக்காரப் போயி எல்லாம் போச்சுடி" என்று ஆரம்பித்து அத்தனையும் கொட்டிவிட்டேன்.  அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். மாமியார் ஓடி வந்தார். பக்கத்து வீட்டிலிருந்தும் வந்தார்கள். "புள்ளத்தாச்சி அழக்கூடாதும்மா" என்று ஒருத்தி முதுகைத் தடவ, இன்னொருத்தி விசிற, தண்ணீர் கொண்டு வரச் சொல்லி என்னைத்தான் விரட்டினார்கள். நான் சொம்போடு வந்து நின்றேன். அழ வேண்டியவள் நான். அதையும் அவளே முதலில் அழுதுவிட்டாள்.