லேமினேட் செய்த ஒப்புதல் படிவம்

அந்தக் காகிதத்தை அவர் லேமினேட் செய்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. கதையை அங்கிருந்தே தொடங்கலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் நான் ஏதோ அந்தப் பக்கமாகப் போனவள் போலவும், தற்செயலாகப் பார்த்தவள் போலவும் ஆகிவிடும். காகிதத்தைக் கொடுத்தவளே நான்தான். அதனால் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் சட்டம் படித்தவர், ஒருவர் கல்வியியல், நான் சமூகவியல். கல்வி உரிமைச் சட்டம் புத்தகத்தில் எப்படி இருக்கிறது, அது புதுச்சேரியில் ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது என்னவாகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. மூன்று துறைகள் கைகோத்துச் செய்வதாக விண்ணப்பத்தில் பெருமையாக எழுதியிருந்தோம். நடைமுறையில் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போய், மூன்று விதமாகச் சண்டை போட்டுக்கொண்டு திரும்புவோம். அதில் என் சத்தம்தான் பெரிது. எனக்கு மூக்கு நுனியில் கோபம், வீட்டிலும் இதே புகார்தான்.

ஆய்வுக்கென்று ஒரு விதி உண்டு. யாரிடம் பேசுவதாக இருந்தாலும் முதலில் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்ட வேண்டும். இது ஆய்வு மட்டும்தான், இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் கிடையாது, விருப்பமில்லாவிட்டால் பேச வேண்டாம் என்றெல்லாம் அதில் இருக்கும். கேட்டுவிட்டு அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பிரதி, ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. அதற்குப் பிறகுதான் பேச்சு.

சொல்லச் சுலபம். பையிலிருந்து காகிதத்தை எடுத்தவுடனே ஜனங்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். "எங்க வூட்டுக்காரரு வந்துடட்டும்" என்பார்கள், கதவு சாத்திவிடும். முதல் வாரத்திலேயே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் பேச்சு, கடைசியில் கையெழுத்து. பேசிப் பழகிய பிறகு யாரும் மறுப்பதில்லை. சட்டக்காரர் முணுமுணுத்தார். "ஆர்டர் மாறக் கூடாது மேடம்" என்றார். "நீங்க வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னு பாருங்க, அப்புறம் ஆர்டரைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

மார்ச் மாதம் ஒரு காலையில் வைத்திக்குப்பத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கருவடிக்குப்பம் பக்கம் தெருத்தெருவாக மீன் விற்றுவிட்டு, காலி அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். உள்ளே பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி பகல் பதினொரு மணிக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் இருக்கிற நாள் அது.

"டிசி இல்ல மேடம்" என்றார் அவர். கதை இதுதான். கணவர் ஊரான கடலூர்ப் பக்கம் போய் நான்கு வருடம் இருந்திருக்கிறார்கள். அவர் எங்கேயோ போய்விட்டார், திரும்பவில்லை. இவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். பழைய பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்டால், அப்பா வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவோம் என்கிறார்கள். இங்கே இருக்கிற பள்ளிக்கூடத்தில் கேட்டால், டிசி கொண்டு வா என்கிறார்கள். "இவங்க அங்க போன்றாங்க, அவங்க இங்க போன்றாங்க. நான் கூடைய எறக்கி வெச்சிட்டு இதுக்கே அலைய முடியுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

"அக்கா, டிசி இல்லன்னு சொல்லி எந்த ஸ்கூலும் புள்ளயத் திருப்பி அனுப்பக் கூடாது. சட்டமே இருக்கு. பதினாலு வயசு வரைக்கும் சேத்துக்கிட்டே ஆகணும். டிசி அப்புறமா வரட்டும்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்கா. எழுதியே வெச்சிருக்காங்க."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கும் பூரிப்புதான். அந்தப் பூரிப்போடுதான் பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்தேன். நேரமாகிவிட்டது, ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஒரே மூச்சில் படித்தேன். நேரடிப் பயன் எதுவும் கிடையாது என்ற வரியையும் படித்தேன், சத்தியமாகப் படித்தேன். ரயில் நிலையத்தில் அறிவிப்பு படிக்கிற வேகத்தில் படித்தேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"ஆதார் ஜெராக்ஸ் வேணாமா மேடம்? போட்டோ?"

"ஒண்ணும் வேணாம்கா. கையெழுத்து போதும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆதார் எதற்குக் கேட்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது.

இரண்டாம் சுற்றுக்காக நவம்பரில் மறுபடி போனேன். விட்டு விட்டு மழை. படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், ஆளையே காணோம்! வருவீங்கன்னு எனக்குத் தெரியும். இவதான் வரமாட்டாங்கன்னு சொல்லிக்கினு இருந்தா. ஆர்டரு வந்துடுச்சா?"

"என்ன ஆர்டர்கா?"

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டு வந்தார். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம். அவற்றோடு எங்கள் ஒப்புதல் படிவம். இரண்டு பக்கமும் பளபளவென்று, லேமினேட் செய்து. மேலே எங்கள் நிறுவனத்தின் முத்திரை, கீழே அவர் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து.

"மழையில நனைஞ்சிடப் போவுதுன்னு போட்டு வெச்சேன். இதுல ஒரு நம்பரு போட்டிருக்குது பாருங்க, பதினேழுன்னு. நமக்கு முன்னாடி பதினாறு பேருன்னு அப்பவே புரிஞ்சிக்கினேன். கவர்மெண்டு காரியம், லேட்டாத்தான் ஆவும்."

அது யார் பெயரும் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக நாங்கள் போடும் எண். பெயருக்குப் பதில் எண். அவரைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட எண்ணை வைத்துக்கொண்டு அவர் எட்டு மாதமாக வரிசையில் நின்றிருக்கிறார். அப்படி ஒரு வரிசையே கிடையாது.

அட கடவுளே, இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"ஜூன் மாசம், இங்க டிசி கேட்ட அந்த ஸ்கூல்லேர்ந்து ஒரு டீச்சரு வந்தாங்க மேடம். புதுசா எச்எம் வந்திருக்காங்களாம். படிக்காத புள்ளைங்கள வூடு வூடா வந்து கூப்பிடச் சொன்னாங்களாம். டிசி இல்லாட்டியும் பரவால்ல, வான்னாங்க."

"அப்புறம்?"

"நான் வேணாம்னுட்டேன்."

"ஏன்கா?"

"இன்னா மேடம் நீங்களே கேக்கறீங்க? நம்ம பேப்பரு மேல போயிருக்குதுல்ல? நடுவுல நான் போயி வேற வழியில சேத்துட்டா, அது கேன்சல் ஆயிடாதா? அப்புறம் உங்களுக்கில்ல கெட்ட பேரு? இந்தப் பேப்பரக் காட்டினேன். அந்த டீச்சரும் வாங்கி மேலயும் கீழயும் பாத்துட்டு, சரிம்மா, அப்ப கேஸு நடக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

படித்த ஒரு ஆசிரியை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அதை வழக்கு என்று நம்பியிருக்கிறார். முத்திரை, எண், இரண்டு கையெழுத்து. இந்த ஊரில் யாரும் சும்மா அப்படி ஒரு காகிதத்தைக் கொடுப்பதில்லை, நாங்கள்தான் கொடுக்கிறோம். பள்ளிக்கூடமே வாசலில் வந்து நின்றிருக்கிறது. என் காகிதம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். உயரமாகியிருந்தாள். "இப்ப என்னம்மா பண்றே?" என்று கேட்டேன். "அம்மாவோட யாவாரத்துக்குப் போறேன் மிஸ். ஆவணி மாசத்துலேர்ந்து தனிக் கூடை" என்றாள். அம்மா பெருமையாகச் சேர்த்துக்கொண்டார், "ஆவணியில பதினாலு முடிஞ்சிடுச்சுல்ல."

நான் மழையோடு வெளியே வந்து சட்டக்காரருக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "பதினாலு முடிஞ்சிடுச்சா மேடம்?"

"முடிஞ்சிடுச்சு."

"ஜூன்ல சேந்திருந்தா எட்டாவது முடிக்கிற வரைக்கும் சட்டம் கூட நின்னிருக்கும். வெளியில இருக்கும்போதே பதினாலு தாண்டிட்டா, சேத்துக்கச் சொல்லி நாம சட்டத்தைக் காட்டிக் கேக்க முடியாது. எச்எம் மனசு வெச்சாத்தான் உண்டு."

ஆர்டர் மாறக் கூடாது என்று அவர் அன்றைக்குச் சொன்னதை இன்று சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டு வாங்கிப் பழகியவள் நான்.

உள்ளே வந்து உண்மையைச் சொன்னேன். இந்தப் பேப்பர் எங்கேயும் போகவில்லை, எங்கள் அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கிறது, கேஸ் கிடையாது, ஆர்டர் கிடையாது, இது நீங்கள் என்னிடம் பேசச் சம்மதித்ததற்கான காகிதம் மட்டும்தான் என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. லேமினேட் செய்த காகிதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பேசறதுக்கா கையெழுத்து?"

"ஆமாங்க்கா."

"நான்தான் பேசிட்டனே. அதுக்கப்புறம் எதுக்கு வாங்கினீங்க?"

உங்கள் பாதுகாப்புக்காக என்று ஒரு வாக்கியம் எங்களிடம் உண்டு. பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை அந்த வாசலில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கத்தில் அழுகை முட்டியது. அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அது இன்னும் கேவலம் என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் மூன்று பேருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அந்த அம்மா, பெண், நான். வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். பெண்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். புதிய தலைமை ஆசிரியை நல்லவர். நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க டீச்சர் கேஸுன்னுதான் சொன்னாங்க. நாங்க ஒதுங்கிட்டோம்" என்றார். பிறகு பெண்ணைப் பார்த்து, "பாதி வருஷம் போயிடுச்சு. வயசு தாண்டினதால நான் சேத்தே ஆகணும்னு இல்ல. ஆனா சேத்துக்கறேன். எட்டாவதுல வந்து உக்காரு. விட்ட பாடத்தைப் பாத்துக்கலாம். வருவியா?" என்று கேட்டார்.

பெண் தலையாட்டினாள். கண் அம்மாவிடம் இருந்தது.

தலைமை ஆசிரியை ஒரு விண்ணப்பத்தையும், டிசியைப் பின்னால் வாங்கித் தருவோம் என்ற உறுதிக் கடிதத்தையும் மேசை மேல் வைத்தார். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு இடம், பக்கத்தில் சாட்சிக்கு இடம். பேனாவை அந்த அம்மா பக்கம் தள்ளினார்.

அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் போட மாட்டேன் டீச்சர்."

"அம்மா!" என்றாள் பெண்.

"நீ சும்மா இரு. எதுல போட்டா இன்னா ஆவுமோ, யாரு கண்டா."

"அக்கா, இது அந்த மாதிரி இல்ல. இதுதான் நிஜமான பேப்பர்" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேட்டது, மார்ச்சிலும் இதே குரலில்தான் பேசினேன். நெஜமாத்தான்கா.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக் கூட இல்லை. "அப்ப மொதல்ல நீங்க போடுங்க மேடம். இங்க சாட்சின்னு இருக்குதுல்ல?"

பேனாவை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பேட்டி கொடுத்தவர்களின் சொந்தக் காரியத்தில் ஆய்வாளர் தலையிடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, அது நினைவுக்கு வந்தது. அந்த டிசி கடைசிவரை வராமலே போனால் என்னை யார் கேட்பார்கள் என்று யோசித்தேன். இதில் என் முழுப் பெயர் வர வேண்டுமா என்றும் யோசித்தேன். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நொடி இருக்கும். தலைமை ஆசிரியை கவனித்தாரோ இல்லையோ, அந்த அம்மா கவனித்துவிட்டார்.

"பாத்தீங்களா மேடம்" என்றார், மெதுவாக. "ஒரு கையெழுத்துக்கு நீங்களே இவ்ளோ ரோசன பண்றீங்க. நான் நீங்க கேட்ட ஒடனே போட்டேன்."

நான் போட்டேன். கடிதத்தை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். ஐந்தாவது வரை படித்தவர். ஒரு பக்கம்தான், ஆனால் வெகு நேரம் ஆனது. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். கடைசி வரியையும் படித்து முடித்த பிறகுதான் பேனாவைக் கேட்டார்.