ஒன்றரை மணிக்கு எண்ணிய செல்கள்

எண்பதுகளில் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். நாய், பூனை சாம்பிளும் வரும். ஆனால் எங்கள் முதலாளிக்குச் சட்டம் ஒன்றுதான்: "மனுஷன் முதல்ல. மிருகமெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு." நானும் ஏன் என்று கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜெலுத்தோங்கிலிருந்து மிருக வைத்தியர் டாக்டர் நாதன் ஒரு நாயின் தண்டுவட நீரை அனுப்பியிருந்தார். பத்து மாத நாய், பெயர் புரூனோ. காய்ச்சல், கழுத்து விறைப்பு. தலையைத் தூக்கினால் அலறுமாம். மதியம் ஒன்றரைக்கு மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணினேன். வெள்ளை அணு ஒன்றிரண்டுதான். 'செல் கவுண்ட் நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புரதச் சோதனையில் மட்டும் நீர் பால்போலக் கலங்கியது. அணு இல்லாமல் புரதம் மட்டும் எப்படி ஏறும்? இரவெல்லாம் மண்டையைக் குடைந்தது. மறுநாள் காலை டாக்டருக்கு ஃபோன் போட்டேன்.

"இன்ஃப்ளமேஷன் இல்லேன்னு உங்க ரிப்போர்ட் சொல்லுதே. அப்ப முதுகெலும்புக்குள்ள கட்டியோ என்னமோ. வலி தாங்கல. சனிக்கிழமை ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிரலாம்னு சொல்லிட்டேன். நாயை வளர்க்குற அம்மா ஒரே அழுகை, பாவம்லா."

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க டாக்டர்?"

"காலையில ஒம்பதுக்கு."

நாலரை மணி நேரம்! அந்த நீரில் வெள்ளை அணு அரை மணியிலேயே சிதைய ஆரம்பித்துவிடும். பரீட்சைக்குப் படித்து எழுதியவள்தான் நான். புத்தி எங்கே போயிற்றோ?

"தூங்க வைக்காதீங்க. திரும்ப எடுங்க. நான் அங்கேயே வந்து எண்ணுறேன்."

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, மைக்ரோஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் போனேன். புரூனோவுக்கு மயக்க மருந்து கொடுத்து டாக்டர் பிடரியில் ஊசி இறக்கி நீர் எடுத்தார். ஐந்தாவது நிமிடம் எண்ண உட்கார்ந்தேன். அலாமாக்! எண்ணி மாளவில்லை. பெரும்பாலும் நியூட்ரோஃபில், கிருமியோடு மல்லுக்கட்ட முதலில் ஓடிவரும் அணு. சாயம் ஏற்றித் தேடினால் ஒரு கிருமிகூட இல்லை. முதல் சாம்பிளிலிருந்து கிருமியை லேபில் வளர்க்கப் பார்த்ததிலும் ஒன்றும் முளைத்திருக்கவில்லை.

"போலீஸ் பட்டாளமே வந்திருக்கு, திருடனைக் காணோமே டாக்டர்?"

அவர் நெடுநேரம் லென்ஸில் பார்த்தார். "போலீஸே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்குது. எதிர்ப்புச் சக்தி தன்னோட மூளை உறையையே தாக்குது. ஸ்டீராய்டு குடுத்து அடக்கலாம். ஆனா கிருமி எங்கேயாவது ஒளிஞ்சிருந்தா, அந்த மருந்தே எமனாயிடும்."

"ஏன் தன்னையே தாக்கணும்?"

"அது எனக்கும் தெரியலம்மா."

புரூனோவை வளர்த்த மல்லிகா அக்கா, பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை செய்பவர். பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுங்க டாக்டர்" என்றார்.

மூன்றாம் நாள் புரூனோ தானே தலையைத் தூக்கிக் குரைத்தான். மாத்திரையை மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பிழைத்துக்கொண்டான்.

"உங்களாலதான் பொழச்சான்" என்று அக்கா என் கையைப் பிடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சனிக்கிழமைக்கு நாள் குறித்ததே என் கையெழுத்துத்தான் என்பதையும்.

அவர் கையை விட்டார்.

"எங்க லைன்ல ஒவ்வொரு ட்ரேயிலயும் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எழுதி ஒட்டணும். வெறும் சிப்புக்கே அப்படி. நீங்க எழுத மாட்டீங்களா?"

மறுநாள் ரிஜிஸ்டரில் ஸ்கேல் வைத்துப் புதுக்கோடு ஒன்று போட்டேன். மேலே 'எடுத்த நேரம்' என்று எழுதினேன். ஓய்வு பெறும்வரை, அந்தக் கட்டம் காலியாக இருந்த எந்த சாம்பிளுக்கும் நான் 'நார்மல்' என்று எழுதியதில்லை.