ஸ்பிரிங் வெட்டிய காசிமாயன்

வேகத்தடை கண்ணில் பட்டதும் காசிமாயன் காரை நிறுத்தி இறங்கிவிடுவார். குனிந்து, முன்பக்க பம்பருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே நான்கு விரலைச் செருகிப் பார்ப்பார். பின்னால் நிற்கிற பஸ்காரர் ஹாரனை அழுத்த அழுத்த, "இருங்கண்ணே, அளந்துட்டு ஏத்துறேன்" என்று கையைக் காட்டுவார். பிறகு ஏறி உட்கார்ந்து, காரைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். நாகமலை புதுக்கோட்டை வீட்டிலிருந்து கப்பலூர் லேத் பட்டறைக்குத் தினமும் இப்படித்தான் போய் வருகிறார்.

வயது முப்பத்திரண்டு. கார் செகண்ட்ஹேண்ட். வாங்கிய மூன்றாம் மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்குகிற நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றிப் பட்டறை கிரைண்டரில் இரண்டிரண்டு சுற்று வெட்டிவிட்டார். கார் பொத்தென்று தரையோடு உட்கார்ந்தது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காரணம் சொல்வார். "நெட்டையா நிக்கிறவனத் தள்ளுனா சாஞ்சிருவான். கால அகட்டிக் குனிஞ்சு நிக்கிறவனத் தள்ளிப் பாருங்க, அசைவானா? வண்டியும் அம்புட்டுத்தேன்." டீக்கடையில் அப்படி நின்றும் காட்டுவார். ஒருமுறை யாரோ நிஜமாகவே தள்ளிப் பார்த்தார்கள். டீ கொட்டியதே தவிர அவர் அசையவில்லை.

சொன்னதில் பொய் கிடையாது. பைபாஸ் வளைவில் மற்ற கார்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பும்போது இவர் கார் மட்டும் சாயாமல், ஸ்டீரிங்கைத் தொட்டதுமே திரும்பும். அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அத்தனை பூரிப்பு. என்ன செய்ய, மதுரையில் வளைவு குறைவு, பள்ளம் அதிகம். ஸ்பிரிங் அமுங்க இடமில்லாததால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்பில் வந்து இறங்கும். வேகமாகப் போய் விழுந்தால் ஸ்டீரிங் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும். டயர்கள் உள்பக்கம் மட்டும் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. காரில் கொண்டுவந்த முட்டைகளில் எத்தனை முழுசாக வீடு சேர்ந்தன என்று அவரிடம் கேட்கக் கூடாது.

"வளைவுல ஒருதடவ வந்து பாரு மீனா" என்பார் மனைவியிடம்.

"மொதல்ல நம்ம தெருவுக்குள்ள வண்டியக் கொண்டாங்க" என்பார் மீனா.

போன மாதம் அக்கா முனீஸ்வரியின் இளைய மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மூத்தவளுக்குக் குத்தியபோது இவர் பஸ்ஸில் போய், நல்ல நேரம் முடிந்த பிறகு இறங்கினார். அந்தப் பேச்சை அக்காவின் மாமனார் உக்கிரபாண்டி மூன்று வருஷமாக விடவில்லை. "இந்தத் தடவையாச்சும் நேரத்துக்கு வந்துருடா. எங்க மாமனாரு முன்னாடி என்னால தலையத் தூக்க முடியல" என்று அக்கா போனில் அழாத குறையாகச் சொன்னார். அக்கா என்றால் காசிமாயனுக்கு உயிர். கார் வாங்கியதே அதற்காகத்தான்.

பின்சீட்டில் மீனாவும் இரண்டு சின்னம்மாக்களும். டிக்கியில் அரிசி மூட்டை, பித்தளை அண்டா, வாழைத்தார். முன்சீட்டிலும் மடிகளிலும் சீர்த்தட்டுகள். கிளம்பும்போதே கார் வயிற்றைத் தரையில் போட்டுவிட்டது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெண்கள் தட்டோடு இறங்கி, கார் தாண்டியதும் ஏறினார்கள். "சீருக்குப் போறமா, பழனிக்குப் போறமாடா?" என்றார் மூத்த சின்னம்மா. செக்கானூரணி தாண்டி அக்கா ஊருக்குள் நுழையும் இடத்தில், ஊர்க்காரர்கள் புதிதாகப் போட்ட சிமெண்ட் வேகத்தடை வரப்பு உயரத்துக்கு நின்றது. நேராக, கோணலாக, பின்பக்கமாக, எல்லாம் ஏற்றிப் பார்த்தார். கார் ஏறவில்லை. கோயில் இன்னும் முக்கால் கிலோமீட்டர். நல்ல நேரம் முடிய அரை மணி. இன்றைக்கும் பிந்தினால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

வேனில் முன்னதாகவே வந்து கோயிலில் காத்திருந்த தன் பங்காளிகளுக்குப் போன் போட்டார். "மேளத்தையும் கூப்பிட்டுக்கிட்டு எல்லாரும் இங்க ஓடியாங்கடா. தட்டத் தூக்கணும்."

ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு தட்டு. அண்டாவைக் காசிமாயனே தலையில் வைத்துக்கொண்டார். மேளம் முழங்க, வேர்த்து விறுவிறுத்து, ஏறக்குறைய ஓட்டமாக நடந்தார். சனங்கள் வாசலுக்கு வந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்த ஊரில் இப்போதெல்லாம் யாராக இருந்தாலும் கோயில் வாசலில் காரை நிறுத்தி இறங்குவதுதான் வழக்கம். எல்லையிலிருந்து சீரைச் சுமந்து நடக்கிற தாய்மாமனை அவர்கள் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது.

நேரம் பத்து நிமிஷம் பாக்கி இருக்கும்போது கோயில் வந்தது. நாற்காலியை விட்டு எளிதில் எழாத உக்கிரபாண்டி எழுந்தே வந்துவிட்டார். "எல்லையில இருந்து நடந்தே கொண்டாந்திருக்கீரே மருமகனே! இம்புட்டு மரியாதையா யாருய்யா இப்பச் சீரு செய்யிறா?" என்றார், ஊருக்கே கேட்கிற குரலில். பக்கத்தில் முனீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நின்றார்.

காசிமாயன் அண்டாவை இறக்கி வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். விளக்கம் சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை நழுவவிடவும் தெரியாத மனுஷன். மூச்சு வாங்க, "அது ஒண்ணுமில்ல மாமா, நம்ம வண்டியில ஸ்பிரிங்க ரெண்டு சுத்து..." என்று ஆரம்பித்தார்.

முனீஸ்வரி சீர்த்தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து, முழுசாகத் தம்பியின் வாயில் திணித்தார்.