சர்க்காருக்கு யோசனை சொன்ன என் தம்பியும் அதில் என் பங்கும்

கூலிக்கு மூட்டை சுமந்த வயதில் நான் வாங்கிய ஒன்றே கால் ஏக்கர் கல்லுக்காடு இன்று பதினான்கு ஏக்கர் காப்பித் தோட்டம். அதில் நிற்கும் ஒவ்வொரு சில்வர் ஓக் மரமும், அதைப் பற்றி ஏறிய ஒவ்வொரு மிளகுக் கொடியும் நான் நட்டவை. பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். காப்பிப் பழம் உலர்த்தச் சிமெண்ட்டுக் களம் போட்டேன். ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் எங்கள் சனத்தில் முதன்முதலாக ஜீப் வாங்கியவன் நான். ‘இவன் எங்கே உருப்படப் போகிறான்’ என்றவர்கள் அந்த ஜீப்பில்தான் பிற்பாடு சேலம் போய் வந்தார்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக நான் கட்டி எழுப்பியது என் தம்பியை.

தம்பி மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருக்கு நினைவு மலர் தொகுக்கும் தம்பி மகள், “பெரியப்பா, உங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கேன், போதுங்களா?” என்று கேட்டது. போதாது என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். சேதியைத் திருத்தக்கூடாது.

தம்பி கொட்டச்சேட்டுக்குக் கீழே, எங்கள் ஓலை வீட்டில் பிறந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். அப்பா மரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு நாலு வயது. அம்மாவுக்கு இரண்டு வருஷம் கழித்துக் காய்ச்சல் கண்டது. கம்பளியைக் கழியில் கட்டி, நானும் மாமனும் தூக்கிக்கொண்டு ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுநாள் அங்கே எட்டியதும் டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, “நேத்தே கொண்டு வந்திருக்கலாமே” என்றார். நேற்றே கிளம்பிவிட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடவே நடந்து வந்த தம்பிதான் சொன்னார்: “நேத்தேதானுங்க பொறப்பட்டோம்.”

அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு முடிவு செய்தேன், இவரைப் படிக்க வைப்பதென்று. எஸ்டேட்டில் நான் பழம் பறித்தேன், மூட்டை சுமந்தேன். தம்பி தலைச்சோலையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தார், பிறகு சேலத்தில் விடுதி, பிறகு டாக்டர் படிப்பு. எங்கள் மலையில் அதற்கு முன் அப்படி ஒருவர் இல்லை. தம்பி கோட்டுப் போட்டு எடுத்த படத்தை ஜீப்பின் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தேன்.

எங்கள் மலையில் ஆஸ்பத்திரி கட்டுவார் என்று நான் காத்திருக்க, தம்பி ஊசியையே கீழே வைத்துவிட்டார். அரசு வேலையில் சில வருஷம் இருந்தார், மேல்படிப்புக்குப் போனார், அதன் பின் சர்க்காருக்கு யோசனை சொல்லும் வேலை. எந்த ஊரில் எத்தனை நர்ஸ் வேண்டும், மருந்து எப்படி வந்து சேரவேண்டும், ஏழை நோயில் விழுந்தால் நிலத்தை விற்காமல் எப்படிப் பிழைப்பான், இதையெல்லாம் பார்த்து எழுதிக் கொடுப்பார். முதலில் நம் மாநிலம், அப்புறம் வடக்கே, அப்புறம் வேற்று நாடுகள். மந்திரிமார் எதிரே உட்கார்ந்து பேசுவார்.

எனக்கு அது பிடிபடவில்லை. நேரிலேயே கேட்டேன்.

“ஏன் சாமி, ஊசி போடாத டாக்டரு எதுக்கு? ஊருல கேக்கறாங்கல்லோ.”

“என்னன்னு கேக்கறாங்கண்ணா?”

“உங்க தம்பி எந்த ஆஸ்பத்திரிங்கன்னு.”

“சர்க்காருக்கே ஊசி போடறவருன்னு சொல்லிப்போடுங்க” என்று சிரித்தார். அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேக்கரிக்காரர் ஒருவர் மட்டும், “சர்க்காருக்கு எங்கீங்க போடுவாரு?” என்றார். அவர் கடையில் அதன் பிறகு நான் டீ குடிக்கவில்லை.

எங்கள் ஊருக்குத் துணை சுகாதார நிலையம் சாங்ஷன் ஆனபோது இடம் இல்லை என்றார்கள். சாலையோரம் என் தோட்டத்தின் மேல் மூலையை எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தக்காரர் பாதியில் ஓடிப்போக, சுவரை எழுப்பியதும் கூரை போட்டதும் நான். கல்லில் என் பெயர் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். பள்ளத்தில் இருக்கும் ஐம்பது வீட்டுக்காரர்களும் என் தோட்டத்து வழியாக ஏறி வந்தால் கால் மணி நேரத்தில் நர்சம்மா முன்னால் நிற்கலாம்.

இரண்டு வருஷம் கழித்து, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்த தம்பி, கூடவே தலைநகரத்து அதிகாரிகள் இருவரை அழைத்து வந்தார். மலைச்சனத்துக்கு எப்படி வைத்தியம் எட்டுகிறது என்று பார்க்க வந்தவர்கள். நான் பந்தல் போட்டு மாலை வாங்கி வைத்திருந்தேன். தம்பி மாலையைக் கழற்றிவிட்டு நர்சம்மாவின் பதிவேட்டை எடுத்தார். புரட்டினார். இரண்டு வருஷத்திலும் கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் பள்ளத்து வீட்டுப் பெண்கள் ஒருவர் பெயர்கூட இல்லை.

“விழிப்புணர்வு போதலை” என்றார் ஓர் அதிகாரி.

நானும் சேர்ந்துகொண்டேன். “ஆமாங்கய்யா. நம்ம சனம் அப்படித்தானுங்க. மருந்துன்னா பயம். எவ்வளவு சொன்னாலும் வரமாட்டாங்க.”

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து ராமாயியை அழைத்துக்கொண்டு ஏறி வந்தார். ராமாயி என் தோட்டத்தில் பழம் பறிக்கிற பெண்.

“அய்யாமாருகிட்டச் சொல்லும்மா, ஏன் வரதில்லைன்னு.”

“வரமாட்டோம்னு யாருங்க சொன்னது? போன மார்கழி ஞாயித்துக்கெழமை எனக்கு வலி கண்டுச்சுங்க. மத்தியானம். தூக்கிட்டு வந்தாங்க. தோட்டத்துக் கேட்டு பூட்டியிருந்துச்சுங்க.”

“சுத்திப் போக முடியாதா?” என்றார் அதிகாரி.

“கரட்டு மலையைச் சுத்தினா அரை நாளுங்க.”

“ஒரு கல்லெடுத்துப் பூட்டை உடைச்சிருக்கலாமே!”

ராமாயி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “பெரியவரு பூட்டுங்க. எப்படீங்க உடைக்கறது? சாவி வந்துரும்னு அங்கயே உக்காந்திருந்தோமுங்க. அங்கயே பொறந்துச்சு. அழுவலீங்க.”

படிக்கிறவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாமல் இருக்கலாம். பழம் பறிப்புத் தொடங்கிவிட்டால், பேர் எழுதின கூலியாள் தவிர வேறு யாரும் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. பழமும் மிளகும் களவு போகும். சாயங்காலமும் ஞாயிறு முழுக்கவும் கேட்டுக்குப் பூட்டு. எல்லா எஸ்டேட்டிலும் இதுதான் சட்டம். பறிப்பு நேரத்தில் அடுத்தவன் பூட்டைத் தொட்டவனை ஊர் கூடித் திருடன் என்று சொல்லும். அந்தப் பெயருக்குப் பயந்துதான் அவர்கள் பூட்டைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்கு நிலம் கொடுத்தேனே தவிர, அதற்குப் போகும் வழியைக் கொடுக்கவில்லை என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: “சாவி ரைட்டர்கிட்ட இருந்துச்சுங்க. அவன் எங்கயோ போய்ட்டான்.” தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பி அதை யோசனையாக எழுதிவிட்டார். கட்டடத்தை எண்ணாதீர்கள், வழியை நடந்து பாருங்கள். வழி யார் நிலத்தில் போகிறது, பூட்டு உண்டா, சாவி யார் கையில், இதைக் கேட்ட பிறகு சனத்தைக் குறை சொல்லுங்கள் என்று. அதற்குப் பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் தம்பியின் முதல் கேள்வி அதுதான் என்று கூட வேலை பார்த்தவர்கள் துக்கத்துக்கு வந்தபோது சொன்னார்கள். ஓர் இடத்தில் நர்ஸ் கையில் சாவி கொடுக்கவேண்டும் என்று உத்தரவே போட்டார்களாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “என் கேட்டை ஊரு ஊரா இழுத்துட்டியேடா!” என்றேன். அன்றுதான் முதன்முதலாக ‘டா’ போட்டேன்.

“பேரு போடலீங்கண்ணா. ‘ஒரு மலைக் கிராமம்’னுதான் எழுதியிருக்கேன்.”

“ஆஸ்பத்திரி கட்டினவன் பேரையாவது போட்டிருக்கலாமல்லோ?”

தம்பி வழியைச் சர்க்காருக்கு எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். மாட்டேன் என்றேன். இரண்டு வருஷம் பேச்சில்லை. மூன்றாம் வருஷம் எழுதிக் கொடுத்தேன். அதற்கும் ஒரு கல் நட்டேன்.

போன வருஷம் தம்பிக்கு ஈரலில் புற்று என்று தெரிந்தது. சேலத்தில் வைத்தியம் பார்த்தோம். கடைசி மாதம், “அண்ணன் ஊட்டுக்கே போறேன்” என்று மலையேறி வந்துவிட்டார். நம் நர்சம்மா தினமும் வந்து வலிக்கு மருந்து கொடுத்தார்கள். ஒரு நாள் காலை, வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“கண்ணு, அத்தனை பேருக்குச் சொன்னியே. ஒரு இடத்துலயாச்சும் எம் பேரைப் போட்டிருக்கக் கூடாதா?”

தம்பி கஞ்சியை மெதுவாக விழுங்கினார்.

“போடோணும்னுதாங்கண்ணா இருந்தேன். போட்டா ரெண்டுக்கும் போடோணும். கட்டினதுக்கும் போடோணும், பூட்டினதுக்கும் போடோணும். ரைட்டரு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. நீங்களும் சொன்னதில்லை. சொல்லட்டும்னு இருந்துட்டேன்.”

அப்படியானால் சாவி யாரிடம் இருந்தது என்பது இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். சாயங்காலம் யார் யாரோ பார்க்க வந்தார்கள். நாலாம் நாள் தம்பிக்கு நினைவு தப்பிவிட்டது. சொல்லவேண்டியவரிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ரைட்டர் எங்கேயும் போகவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கையைப் பிசைந்தபடி ராமாயி துடிப்பதைப் பார்த்திருக்கிறார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் சேலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ரைட்டரையும் நம்பாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனவன் நான். ரைட்டரும் இன்றைக்கு உயிரோடு இல்லை.

தம்பியின் கடைசி நாட்களில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். சேலத்து மருத்துவர்களுக்கும், வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், கார் கொடுத்து உதவியவர்களுக்கும், தூரதேசத்திலிருந்து வந்து தோள் கொடுத்த தம்பியின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காரியத்து அன்று யாரும் கூப்பிடாமலே வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தாள் ராமாயி. அவளுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி மகள் இந்த மலருக்கு எழுதிவைத்திருக்கும் வரலாற்றைப் படித்துக் காட்டியது. ‘அண்ணனின் ஆதரவோடு’ என்று ஒரே ஒரு வரி. இந்தக் கட்டுரையையும் கேட்டுவிட்டு, “அந்தப் பூட்டு விஷயம் வேண்டாமுங்க பெரியப்பா, உங்களுக்கு நல்லா இருக்காது” என்றது. நல்லா இருக்கவேண்டும் என்று நான் எழுதவில்லை. தம்பியின் அந்த யோசனையில் என் பங்கு ஆதரவு மட்டுமல்ல. அது என்னால் உண்டானது. ஆகையால் இந்த மலரை அச்சிடுகிறவர்களும், இனிமேல் தம்பியைப் பற்றிப் புத்தகம் எழுதப்போகிறவர்களும், ‘ஒரு மலைக் கிராமம்’ என்பதோடு நிறுத்தக்கூடாது. நிலம் கொடுத்தவன், கட்டடம் கட்டியவன், கேட்டைப் பூட்டியவன், சாவியைப் பையில் வைத்துக்கொண்டு பழியை ரைட்டர் மேல் போட்டவன், நான்கு இடத்திலும் என் பெயரை முழுசாகப் போடவேண்டும். ஒன்றை எடுத்தால் நான்கையும் எடுத்துவிடுங்கள். மூன்றை மட்டும் போட நான் சம்மதிக்கமாட்டேன்.