முப்பத்தொன்றாம் எண்

அம்பிகையின் தகப்பனார் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். ஆறாம் படிவம்வரை கணிதத்தில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்குத் தம்பி போனான். அவள் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவறைக்குப் போனாள். பதினேழு வருடம் கோப்புகளை அடுக்கினாள்.

1985இல் டாக்டர் தம்பிமுத்து கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமென்று அவளைத் தேடி வந்தார். வலிப்பு மருந்து ஆளுக்கு ஆள் இரத்தத்தில் எவ்வளவு தங்குகிறது என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு நோயாளிகள், தலைக்கு ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை. எல்லாருக்கும் பொதுவான அளவையும், அதிலிருந்து ஒவ்வொருவரும் விலகும் தூரத்தையும் கோலாலம்பூரிலிருந்த பெரிய கணினி சொல்லவேண்டும். எண்களைத் தபாலில் அனுப்பினால் ஒரு வாரத்தில் மடிப்பு மடிப்பாகக் காகிதம் வரும்.

காகிதம் வந்தது, விடை வரவில்லை. கணக்கு ஒரு முடிவில் நிற்காமல் அலைந்து பாதியில் அறுந்துபோயிருந்தது.

கல்லீரல் இந்த மருந்தை ஓர் எல்லைவரைதான் கழிக்கும். எல்லை தாண்டினால், ஒரு மாத்திரை கூட்டினாலே இரத்தத்தில் மளமளவென்று ஏறும். டாக்டர் அதையும் சூத்திரத்தில் சேர்த்திருந்தார். அம்பிகை தொடக்க எண்களை மாற்றிப் பார்த்தாள். ஆளுக்கு ஆள் மாறும் அளவுகளில் ஒன்றைப் பூச்சியமாக்கிப் பார்த்தாள். மூன்று மாதம் அதே கதை. பிறகு வரிவரியாகத் தேடி முப்பத்தொன்றில் விரலை வைத்தாள். மற்றவர்கள் சாப்பிடும் அதே மூன்று மாத்திரைதான். இரத்தத்தில் மட்டும் மூன்று பங்கு.

முப்பத்தொன்று என்பது வீரம்மா. கோப்பெங் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட தோட்டத்தில் இன்னும் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் இருந்தவள். அம்பிகை அவளை வரவழைத்தாள்.

“எத்தனை மணிக்குக் குளிசை போட்டனீ? பொய் சொல்லாதை.”

“சத்தியமா மிஸ்ஸி, காலையில ஆறு மணிக்குத்தான். மூணுதான்லா போட்டேன்.”

“பிறகேன் இவ்வளவு ஏறிக் கிடக்கு?”

“எனக்கு என்னா தெரியும் மிஸ்ஸி? நடந்தா கால் பின்னுது. லயத்துல எல்லாரும் நான் சம்சு குடிக்கிறேங்கிறாங்க.”

அம்பிகை குனிந்து அவள் வாயருகே மோந்து பார்த்தாள். சாராய வாடை இல்லை. ஆனாலும் டாக்டரிடம் போய், “தோட்டத்து ஆக்கள், கண்டபடி விழுங்கியிருப்பினம்” என்றாள்.

“அப்ப அந்த வரியை எடுத்துவிடும். எல்லையும் வேண்டாம், நேர்க்கோட்டுச் சூத்திரமே போதும்” என்றார் அவர்.

அம்பிகை அளவுகோல் வைத்து அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தாள். அடுத்த வாரமே கணக்கு அழகாக முடிந்தது. அந்த விடையிலிருந்து, உடல் எடைக்கு இத்தனை மாத்திரை என்று டாக்டர் ஓர் அட்டவணை போட்டார்.

வீரம்மாவுக்கு மறுபடி வலிப்பு வந்தது. டாக்டர் அட்டவணையைக் கேட்டார். அம்பிகை எடையைப் பார்த்து, “நாலு” என்று வாசித்தாள்.

மூன்று வாரம் கழித்து வீரம்மாவைக் கணவன் இராமசாமி தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தான். கண்மணிகள் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. இரத்தம் எடுத்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு வருவதற்குள், துணி துவைக்கப் போனவள் கால் பின்னிப் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் விழுந்து செத்துப்போனாள்.

முடிவு வந்தபோது மருந்து முன்னைவிட இரண்டு மடங்கு. ஒரு மாத்திரை கூடியதற்கு இரண்டு மடங்கு. முதல் எண்ணும் பொய்யில்லை என்பது அம்பிகைக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. யாரிடமும் சொல்லாமல், அடித்த வரியைத் திரும்ப எழுதினாள். புதிய எண்ணையும் அதன் கீழே சேர்த்து, எல்லை சேர்த்த பழைய சூத்திரத்தோடு கோலாலம்பூருக்கு அனுப்பினாள். இந்த முறையும் கணக்கு ஒரு முடிவில் நிற்கக்கூடாது என்று ஒரு வாரம் பிள்ளையாரை வேண்டினாள்.

நின்றது. வீரம்மா விசித்திரப் பிறவியில்லை. அவள் கல்லீரலின் எல்லை மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாழ்ந்தது, அவ்வளவுதான். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் தம்பிமுத்து காகிதத்தை மேசையில் விரித்துவைத்து நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“பாரும் அம்பிகை! ஒரே ஆளிட்ட இரண்டு அளவுக்கு இரத்தம் எடுத்ததாலைதான் கணக்கு நிண்டிருக்கு. இவ்வளவு நாளும் எங்களுக்கு இல்லாமல் போனது அதுதான்.”

“டொக்டர், அந்த மனுசி செத்துப்போனா.”

“தெரியும். பாவம். குட்டையில விழுந்ததெண்டுதானே பொலிஸ் எழுதியிருக்கு?” அவர் பேனாவை மூடினார். “ஒரு ஆள் போதாது. இன்னும் பத்துப் பேருக்கு ஒவ்வொரு குளிசை கூட்டிப் பார்ப்பம். ஆக்களைத் தெரிஞ்சு எடும். ஏன், எதுக்கெண்டு கேள்வி கேக்காத ஆக்களா இருக்கட்டும்.”

 அம்பிகை பதிவறைக்குப் போய்க் கோப்புகளை இறக்கினாள். அவற்றில் பள்ளி ஆசிரியரின் மனைவி ஒருத்தி இருந்தாள். அந்தக் கோப்பைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். முகவரியில் தோட்டத்தின் பெயர் இருந்தவற்றை ஒருபக்கம் அடுக்கிக்கொண்டு வந்தாள். சிம்பாங் பூலாயிலிருந்து ராக்காயி, பத்து காஜாவிலிருந்து சன்னாசி. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்முன் பத்துப் பெயரையும் தட்டச்சு செய்து டாக்டரின் மேசையில் வைத்தாள்.